நாற்சந்தியில் மிதிவண்டி



எழுத்தில்லாத மொழி ஒன்று நம் தெருக்களில் வழங்குகிறது. அதற்கு இலக்கணம் உண்டு. ஆனால் அந்த இலக்கண நூலைக் கண்ணால் கண்டவர் மிகச் சிலரே. வட்டம் கட்டளை இடும். முக்கோணம் எச்சரிக்கும். நீள்சதுரம் செய்தி கூறும். எண்கோணம் 'நில்' என்ற ஒரு சொல்லுக்கே உரியது; தலைகீழாக நிற்கும் முக்கோணம் 'வழிவிடு' என்பதற்கே உரியது. இவ்விரண்டுக்கும் வேறெதற்கும் இல்லாத வடிவத்தை ஏன் கொடுத்தார்கள்? பலகையில் அழுக்குப் படிந்து நிறம் மங்கிப்போனாலும், எதிர்த் திசையிலிருந்து வருகிறவன் அதன் முதுகை மட்டுமே கண்டாலும், வடிவத்தைக் கொண்டே பொருளை அறிந்துகொள்ளலாம் அல்லவா? அதற்காகத்தான். 1968ஆம் ஆண்டில் வியன்னா நகரில் பல நாட்டார் கூடிச் சாலைக் குறிகளுக்கென்றே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நம் நாட்டில், 1934இல் தோன்றிய இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்னும் அமைப்பு, குறிகளின் நிறம் அளவு முதலியவற்றை வரையறுத்து நூல்களாக வெளியிட்டு வருகிறது.

கார் ஓட்ட விரும்புகிறவன் இம்மொழியை ஒருவாறேனும் கற்றுத் தேறினால்தான் உரிமம் பெறலாம். சைக்கிளுக்கு உரிமம் இல்லை. முற்காலத்தில் நகராட்சிகள் வரி வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஒரு தகட்டைப் பொருத்தச் செய்ததுண்டு. அது வரி கட்டியதற்கு அடையாளமே தவிர, ஓட்டுபவருக்குச் சாலை விதி தெரியும் என்பதற்குச் சான்று அன்று. இன்று தமிழ்நாட்டு அரசு பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. சாலையின் மொழியைக் கற்பிப்பார் எவரும் உடன் வருவதில்லை.

ஆயினும், நான் இன்று பேச விரும்புவது மொழி தெரியாதவரைப் பற்றி அன்று. மொழியை நன்கு கற்றவரும் திகைத்து நிற்கும்படி எழுதப்பட்ட வாக்கியங்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு எடுத்துக்காட்டு. சிவப்பு வளையம் ஒன்று. அதன் நடுவே ஒரு சைக்கிள் படம். இதற்கு என்ன பொருள்? பிரிட்டனில் இதற்குச் 'சைக்கிள் செல்லக் கூடாது' என்று பொருள். அங்கே அந்த வளையத்தின் குறுக்கே கோடு கிடையாது. விதியைப் படித்தவர்க்குச் சிவப்பு வளையமே தடை என்பது தெரியும். படிக்காதவரோ, 'சைக்கிள் படம் போட்டிருக்கிறது. ஆகவே இது சைக்கிள் செல்லும் வழி' என்று எண்ணி உள்ளே நுழைந்துவிடக்கூடும். நம் நாட்டுப் பலகையில் சிவப்புக் குறுக்குக் கோடு உண்டு. எனவே இந்த ஐயத்துக்கு இடமில்லை. நீல வட்டத்துக்குள் சைக்கிள் இருந்தால் அது சைக்கிளுக்கென ஒதுக்கிய தடம். ஒரு கோடு செய்யும் உதவி இவ்வளவு!

பலகையில் நேரும் மயக்கம் இம்மட்டோடு போகிறது. நாற்சந்தியின் தரையில் நேரும் மயக்கம் உயிரைத் தொடுவது.

பெருநகரத்து நாற்சந்தி ஒன்றின் ஓரத்தில் அண்மையில் ஒரு மாலைப்பொழுது நின்றிருந்தேன். பள்ளி விட்ட நேரம். சாலை மூன்று தடங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இடக்கோடித் தடத்தில் இடப்பக்கம் வளைந்த அம்புக்குறி. நடுத் தடத்தில் நேரே செல்லும் அம்புக்குறி. வலத் தடத்தில் வலப்பக்கம் வளைந்த அம்புக்குறி. சந்திப்பின் முனையில் 'ஃப்ரீ லெஃப்ட்' என்று ஒரு பலகை. இடப்பக்கம் திரும்புவோர் விளக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. கார்க்காரர்க்கு இதில் மயக்கம் ஒன்றும் இல்லை. அவரவர் அம்பின்மேல் அவரவர் வண்டியை நிறுத்துகிறார்கள்.

நேரே செல்ல வேண்டிய ஒரு பள்ளிச் சிறுவன் சைக்கிளில் வருகிறான். மெல்லச் செல்லும் வண்டி சாலையின் இடப்புற ஓரமாகவே செல்ல வேண்டும் என்பது அவன் தந்தை சொல்லிக் கொடுத்த விதி. பொதுவாகச் சரியான விதியுங்கூட. அவ்விதிப்படி அவன் இடக்கோடியில் வருகிறான். அங்கே தரையில் உள்ள அம்போ, 'இவ்விடத்தில் இருப்பவன் இடப்பக்கமே திரும்ப வேண்டும்' என்கிறது. விதிக்கும் அம்புக்கும் நடுவே அவன் அகப்பட்டுக்கொள்கிறான். இடக்கோடியிலேயே நின்றால், தடையின்றித் திரும்ப வந்த பேருந்து பின்னாலிருந்து ஒலி எழுப்பி விரட்டுகிறது. நடுத் தடத்துக்கு நகர்ந்தால், அங்கே சீறிக்கொண்டு நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர், "ஓரமாகப் போகத் தெரியாதா?" என்று கேட்கிறார். இருவரும் தத்தம் குறியைச் சரியாகப் படித்தவர்களே. சிறுவனுக்குத்தான் எந்தக் குறியும் எழுதப்படவில்லை. இரண்டு தடங்களுக்கும் இடையிலுள்ள வெள்ளைக் கோட்டின்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவன் நின்றான். ஒரு மனிதன் நிற்பதற்கு அரையடி அகலமுள்ள கோடு போதுமா?

பாதசாரிக்கு வரிக்குதிரைக் கோடு இருக்கிறது. மோட்டார் வண்டிக்கு அம்பு இருக்கிறது. சைக்கிளுக்கெனத் தனித் தடம் இட்ட சாலைகளிலும் அத்தடம் சந்திப்புக்குச் சற்று முன்னதாகவே முடிந்துபோவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆற்றைக் கடக்கும் இடத்தில் மட்டும் பாலம் இல்லாத சாலை போன்றது இது. ஆபத்தில்லாத நேர்ச்சாலையில் துணைக்கு வந்த கோடு, ஆபத்து நிறைந்த இடம் வந்ததும் விடைபெற்றுக்கொள்கிறது.

இன்னும் ஒன்று. குறிகளைப் படிக்கும் கண் எங்கே இருக்கிறது என்பதையும் எண்ண வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடந்து போகிறது. ஆகவே, அவருக்கான பலகையைப் பெரிய எழுத்தில், உயரத்தில், தொலைவிலேயே தெரியுமாறு வைக்கிறார்கள். சைக்கிள்காரரோ விநாடிக்கு நான்கு மீட்டர் செல்கிறார். படிக்க அவருக்கு நேரம் மிகுதி என்று தோன்றும். ஆனால் அவர் கண் மேலே இல்லை, தரையில் இருக்கிறது. சக்கரத்துக்கு முன்னே பள்ளம் உண்டா, மணல் உண்டா, சாக்கடை மூடி அமிழ்ந்திருக்கிறதா என்று பார்த்தபடியே செல்ல வேண்டியவர் அவர். முன்னே ஒரு பேருந்து நின்றுவிட்டால் உயரே உள்ள பலகை அதற்குப் பின்னால் மறைந்துவிடும். ஆதலால் சைக்கிளுக்குரிய செய்தி தரையிலே எழுதப்பட வேண்டும். தரையிலோ பழைய கோடுகள் முழுவதும் அழிவதில்லை. அவற்றின்மேல் கறுப்பைப் பூசி விட்டுவிடுகிறார்கள். மழை பெய்த இரவில் விளக்கொளி படும்போது கறுப்புப் பூச்சும் பளபளக்கிறது; வெள்ளைக் கோடும் பளபளக்கிறது. எது இறந்த கோடு, எது உயிருள்ள கோடு என்று யார் சொல்வது?

இக்குறை நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டா. நம்மைப் போலவே இடப்புறம் செல்லும் வழக்கமுடைய லண்டன் மாநகரில், 2011ஆம் ஆண்டு ஜூலை மாதம், 'சைக்கிள் நெடுஞ்சாலை' என்ற பெயருடைய வழி ஒன்றைத் திறந்தார்கள். நகரின் கிழக்கே பௌ என்னும் இடத்திலுள்ள பெரிய ரவுண்டானாவிலிருந்து ஆல்ட்கேட் வரை அது சென்றது. பெயர் நெடுஞ்சாலை, ஆனால் அவ்வழியின் பெரும்பகுதியில் செய்தது நீல வண்ணம் பூசியதுதான். அந்த ரவுண்டானாவில் நீலப் பட்டை சாலையின் இடப்புறமாக வந்தது. இடப்பக்கம் திரும்பும் லாரிகளும் அப்பட்டையைக் குறுக்கே வெட்டித்தான் திரும்ப வேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் ஒருவரும் நவம்பரில் ஒருவருமாக இருவர் அந்த ரவுண்டானாவில் சைக்கிளில் சென்றபோது லாரி மோதி உயிரிழந்தனர். 2013 நவம்பரில் மூன்றாமவர் இறந்தார்.

அதே 2013இல் மரண விசாரணை அதிகாரி எழுப்பிய ஐயம் கருதத்தக்கது. நீலப் பட்டைக்குச் சட்டத்தில் பொருள் ஒன்றும் இல்லை. அதன்மேல் லாரி ஏறக் கூடாது என்று விதியில்லை. ஆனால் அதன்மேல் செல்கிறவர், 'இது எனக்கென்று ஒதுக்கிய இடம்; இங்கே எனக்குத் தீங்கு வாராது' என்று நம்பிவிடக்கூடும். சைக்கிள்காரர் அதை ஒரு வாக்குறுதியாகப் படிக்கிறார். லாரிக்காரர் அதை வெறும் வண்ணமாகப் படிக்கிறார். ஒரே குறிக்கு இருவர் இரண்டு பொருள் கொள்வதைக் காட்டிலும், குறியே இல்லாதிருத்தல் நன்றன்றோ? குறி இல்லாத இடத்தில் அச்சமாவது காவலாக நிற்கும்.

பின்னர் அங்கே சைக்கிளுக்கெனத் தனி விளக்கு வைத்தார்கள். 2014 ஜனவரியில், சைக்கிளில் நிற்பவரின் கண்ணுக்கு நேரே அமையும்படி, கம்பத்தின் கீழ்ப்பகுதியிலும் சிறு விளக்குகளைப் பொருத்தினார்கள். உயரத்து விளக்கை அண்ணாந்து பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். 2016க்குள் அவ்வழியின் பெரும்பகுதி வண்ணப் பட்டையாக இராமல், கல் விளிம்பு கட்டிப் பிரித்த தடமாக மாறிற்று. பட்டையின்மேல் லாரி ஏறலாம். கல் விளிம்பின்மேல் ஏற அது தயங்கும்.

அப்படியானால் வண்ணமே வேண்டாமா என்று கேட்பீர்கள். இதற்கு டென்மார்க் நாட்டுத் தலைநகரான கோபன்ஹேகனில் விடை கிடைக்கிறது. அந்நகரில் சைக்கிள்கள் சந்திப்பைக் கடக்கும் வழியை நீல வண்ணத்தால் தீட்டுவது நெடுநாள் வழக்கம். ஜென்சன் என்ற ஆய்வாளர், விளக்குகள் உள்ள 65 சந்திப்புகளில், வண்ணம் தீட்டுவதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த விபத்துக்களை ஒப்பிட்டு 2008ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஒரே ஒரு நீல வழி தீட்டிய சந்திப்புகளில் விபத்துக்கள் 10 விழுக்காடு குறைந்தன. இரண்டு நீல வழிகள் தீட்டிய இடங்களிலோ 23 விழுக்காடு கூடின. நான்கு பக்கமும் தீட்டிய இடங்களில் 60 விழுக்காடு கூடின!

ஒன்று நன்மை செய்தால் நான்கு நான்கு மடங்கு நன்மை செய்யும் என்பது கடைக்காரக் கணக்கு. நாற்சந்தியில் அது பலிக்கவில்லை. காரணத்தையும் அவ்வாய்விலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். மோட்டார் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்று முட்டிக்கொண்டவையும், சிவப்பு விளக்கை மீறி வந்த கார்கள் குறுக்கே மோதியவையும் அங்கே மிகுந்திருந்தன. ஓட்டுபவரின் கண் தரையிலுள்ள நீலங்களில் அலைந்தது. அந்த நேரத்தில் முன்னே நின்ற வண்டியையும் மேலேயிருந்த விளக்கையும் காணத் தவறிற்று. ஒரு பக்கத்தில் ஒரு வரியை அடிக்கோடிட்டால் அது கண்ணில் படும். எல்லா வரிகளையும் அடிக்கோடிட்டுப் படிக்கும் மாணவரை நீங்களும் அறிவீர்கள்.

ஹாலந்துக்காரர் பலகையைவிடத் தரையின் அமைப்பையே மிகுதியாக நம்புகிறார்கள். அவர்கள் சைக்கிள் தடம் சிவந்த தார்த்தளமாகச் சந்திப்பின் ஊடேயும் அறுபடாமல் செல்கிறது. பல சந்திப்புகளில் அத்தடம் ஒரு கார் நீளம் உள்வாங்கி அமைந்திருக்கும். திரும்பி வரும் கார் முதலில் திரும்பி முடித்து, பிறகு சைக்கிள்காரரை நேருக்கு நேர் கண்டு, அவர் செல்லும்வரை பின்னால் வருவோர்க்கு இடையூறின்றி நிற்க அந்த இடம் உதவுகிறது. யார் வழிவிட வேண்டும் என்பதைத் தரையில் வரிசையாகத் தீட்டிய வெள்ளை முக்கோணங்கள் காட்டும். கூர்முனை எவரை நோக்கியதோ அவரே நிற்க வேண்டும். அவற்றைச் சுறாப்பல் என்று அந்நாட்டார் அழைப்பது பொருத்தந்தான்.

இனி உங்களுக்கு உடனே பயன்படும் ஒன்றைச் சொல்லுகிறேன். நாற்சந்தியில் சைக்கிள்காரர்க்கு மிகக் கடினமானது வலப்பக்கம் திரும்புதல். மூன்று தடங்களைக் குறுக்கே கடந்து வலக்கோடிக்குப் போக வேண்டும். டென்மார்க்கில் வண்டிகள் வலப்புறம் செல்வதால் இந்தத் தொல்லை அங்கே இடப்பக்கம் திரும்புவதில் வருகிறது. ஆகவே, சைக்கிள்காரர் இரண்டு கட்டமாகவே திரும்ப வேண்டும் என்று அந்நாட்டு விதி கூறுகிறது. அதை நம் நாட்டுக்கு ஏற்பக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிக்கொள்ளலாம். பச்சை விளக்கு வந்ததும் திரும்பாமல் நேரே சென்று எதிர் முனையை அடையுங்கள். அங்கே நின்று வண்டியை வலப்பக்கமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். குறுக்குச் சாலைக்குப் பச்சை வரும்போது அவ்வண்டிகளோடு நேரே செல்லுங்கள். வலப்பக்கம் திரும்பியாயிற்று.

ஆனால் எதிர் முனையில் எங்கே நிற்பது? தைவான் நாட்டில் இப்படிக் காத்திருக்கும் இருசக்கர வண்டிகளுக்கென்று சந்திப்பின் தரையில் வெள்ளைக் கோட்டால் ஒரு பெட்டி வரைந்து வைத்திருக்கிறார்கள். நம் சந்திப்புகளில் அத்தகைய பெட்டியைக் காண்பது அரிது. 'ஃப்ரீ லெஃப்ட்' உள்ள முனையானால், நீங்கள் நிற்கும் இடத்தின் வழியாகவே குறுக்குச் சாலையின் வண்டிகள் ஓயாமல் திரும்பிக்கொண்டிருக்கும். அங்கே இறங்கி நடைபாதையில் ஏறி நின்று, வரிக்குதிரைக் கோட்டின் வழியே வண்டியைத் தள்ளிக்கொண்டு செல்வதே தக்கது. லாரி அல்லது பேருந்து நிற்கும்போது அதன் இடப்பக்கச் சந்தில் மட்டும் நுழைந்து நிற்காதீர்கள். அங்கே நிற்பவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ அண்மையில் உள்ள நாற்சந்தியை ஒரு விடுமுறை நாளில் காகிதத்தில் வரைந்து பாருங்கள். அம்புகளையும் பலகைகளையும் குறியுங்கள். பிறகு, சைக்கிளில் வரும் ஒருவர் நான்கு திசையிலிருந்தும் நேரேயும் இடமும் வலமும் செல்லும் பன்னிரண்டு வழிகளைப் பென்சிலால் இழுங்கள். கோடு எந்த இடத்தில் அம்புக்கு முரண்படுகிறதோ, அங்கே ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகள் நிறைந்த அப்படத்தின் ஒரு படியை நகராட்சிப் பொறியாளருக்கும், மற்றொரு படியைப் போக்குவரத்துக் காவல் அதிகாரிக்கும் ஆசிரியர் வழியாக அனுப்பிவையுங்கள். அடுத்த முறை கோடுகளுக்கு வண்ணம் பூச ஆட்கள் வரும்போது, அப்படம் அவர்கள் கையில் இருக்கட்டும்.