மசியாத க்ஷயமும் சேர்ந்து நின்ற மருந்துகளும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருமலும் மாலைக் காய்ச்சலும் நம் குடியிருப்புகளுக்குப் புதிதல்ல. காற்று நுழையாத ஒற்றை அறையும் அரை வயிற்றுக் கஞ்சியும் இருக்கும் இடத்திலேதான் க்ஷயரோகம் குடியேறுகிறது. அந்தக் கிருமி மருந்துக்கும் மசியாமல் போனால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

1943-ல் அமெரிக்காவில் வாக்ஸ்மனும் அவரது மாணவர் ஷாட்ஸும் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டார்கள். க்ஷயத்தை அடக்கிய அந்த மருந்து சில மாதங்களிலேயே பலரிடம் பலிக்காமல் போயிற்று. ஏன்? கோடிக்கணக்கான கிருமிகளில் சில மருந்துக்குத் தப்பிவிடும். மற்றவை மாண்டபின் அவையே பெருகும். இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பியதை மற்றொன்று கொல்லும். இப்படிக் கூட்டு மருந்து தின்று, ஏழை நோயாளி வீட்டிலிருந்தபடியே குணமடையலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது நமது சென்னை ஆராய்ச்சி நிலையம்தான்.

பின்னர் என்ன நடந்தது? பலருக்கு வைத்தியம் பாதியில் நின்றது. கூட்டு மருந்துக்கும் மசியாத கிருமி தோன்றிப் பரவியது. அதற்கு ஒன்றரை, இரண்டு வருஷ வைத்தியம், மாதக்கணக்கில் ஊசி. ஊசியால் காது கேளாமல் போனவர்களும் உண்டு. புதிய மருந்து தேட வேண்டியவர்கள் எங்கே? ஏழையின் நோயில் லாபம் சொற்பம். ஏறத்தாழ 40 ஆண்டுகள் க்ஷயத்துக்குப் புது வகை மருந்து வரவில்லை.

2000-ல் ஒரு மருந்தைப் பற்றிய செய்தி வெளிவந்தது. அதைக் கண்ட கம்பெனி கைமாறியது. லாப நோக்கமற்ற டி.பி. அலயன்ஸ் என்ற அமைப்பு 2002-ல் அதன் உரிமையைப் பெற்றது. அரசுகளும் தரும நிதிகளும் பணம் கொடுத்தன. அதுதான் பிரிட்டோமனிட். அதனுடன் வேறு கம்பெனி கண்ட பெடாகுயிலினையும், வேறு நோய்களுக்கென்று வந்த லினிசோலிட்டையும் சேர்த்தார்கள். தென்னாப்பிரிக்காவின் மூன்று ஆஸ்பத்திரிகளில் 109 நோயாளிகள் இந்தச் சோதனைக்கு முன்வந்தார்கள். ஆறே மாத மாத்திரை, ஊசி இல்லை. அவர்களில் 98 பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. பலருக்குக் கைகால் மரத்துப்போயிற்று. அதைக் கண்டு, பிந்திய சோதனையில் லினிசோலிட்டின் அளவைக் குறைத்தார்கள். 2024-ல் இந்திய அரசு, நான்காவது மருந்தாக மாக்ஸிபிளாக்சசினையும் சேர்த்து, இந்த ஆறு மாத வைத்தியத்தை ஏற்றது.

மருந்து பிறந்தால் போதுமா? விலை எட்ட வேண்டாமா? பெடாகுயிலினின் காப்புரிமையை இந்தியாவில் 2027 வரை நீட்டிக்கக் கம்பெனி மனுச் செய்தது. க்ஷயத்திலிருந்து மீண்ட இரண்டு பெண்கள், ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர், அதை எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் மனு தள்ளுபடியானது.

தோழர்களே, இனி நமது வேலை என்ன? இரண்டு வாரம் இருமல் நீடித்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் சளியைச் சோதிக்கச் சொல்வோம். கிருமி மருந்துக்கு மசியுமா என்றும் கேட்போம். காய்ச்சல் தணிந்ததும் மாத்திரையை நிறுத்த மாட்டோம். பக்கத்து வீட்டுத் தோழர் கூலி போகுமென்று அஞ்சி வைத்தியத்தை விட்டால், கூடவே போய் மாத்திரை வாங்கி வருவோம். பல நாட்டார் பல வருஷம் பாடுபட்டுக் கண்ட மருந்து. நம் கவனக்குறைவால் அதையும் கிருமிக்குப் பழக்கிவிடக் கூடாது.