பேட்டரிக்கும் வயதாகும்

 

நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழில் செய்பவன். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. ஆனாலும் உங்களிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதனால் வந்தேன்.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் லேப்டாப் இருக்கிறது? கையைத் தூக்குங்கள். பாருங்கள், பாதிப் பேருக்கு மேல் தூக்கிவிட்டீர்கள்! தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. உத்தரப் பிரதேசத்தில் 2013-இல் கொடுத்தார்கள். வேறு பல வீடுகளில் சீட்டுப் பணம் எடுத்தும், நகையை அடகு வைத்தும் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்திருக்கிறார்கள்.

லேப்டாப் நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு, மூன்று வருடத்தில் அதன் பேட்டரி தளர்ந்துவிடும். அதற்குள் வாரண்டியும் முடிந்திருக்கும். அப்போது என்ன செய்வது? இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஒரு சம்பவம் சொல்கிறேன். தையல் வேலை செய்யும் ஓர் அக்கா என் கடைக்கு வந்தார். மகளின் லேப்டாப்பைத் துணிப்பையில் கொண்டு வந்தார். "தம்பி, ஒரு மாசமா இதோட மூடி சரியா மூட மாட்டேங்குது. ராத்திரி குழவிக்கல்லைத் தூக்கி மேலே வச்சேன். அப்பவும் படியல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடியில் கோளாறு இல்லை. உள்ளே இருந்த பேட்டரி அப்பளம் போல உப்பியிருந்தது. அதன் மேல் கல்லை வைத்திருக்கிறார்! அந்த லேப்டாப் இருந்த பாய்க்குப் பக்கத்தில்தான் மகள் படுத்துத் தூங்கியிருக்கிறாள். உப்பிய பேட்டரியை அழுத்தினால் உள்ளே இருக்கும் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டும். சூடேறும். தீப்பிடிக்கும்.

எனவே முதல் பாடம் இதுதான். லேப்டாப்பின் அடிப்பக்கம் உப்பினால், விரல் வைக்கும் இடம் மேலே எழும்பினால், மூடி மூடாவிட்டால், உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள். லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். அழுத்தாதீர்கள். குத்தாதீர்கள். துணி, காகிதம் இல்லாத சிமெண்டுத் தரையில் வையுங்கள். பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். புகை வந்தால் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். 112 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

பேட்டரிக்கு ஏன் வயதாகிறது? ஒரு குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் நாளுக்கு நாள் வண்டல் படிகிறது. குடம் என்னவோ நிறைந்துதான் இருக்கும். ஆனால் தண்ணீர் குறைவாகவே பிடிக்கும். பேட்டரியும் அப்படித்தான். திரையில் 100 என்று காட்டும். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. இது 1991-இல் கடைக்கு வந்தது. இதை உருவாக்கப் பாடுபட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்றுவதும் இறக்குவதுமாகச் சுமார் 300 முதல் 500 தடவை ஆனதும் இதன் சக்தி குறைந்துவிடும். சூடு பட்டால் இன்னும் சீக்கிரம் குறையும்.

உங்கள் பேட்டரியில் எவ்வளவு சக்தி மிச்சம் இருக்கிறது என்று லேப்டாப்பே கணக்கு சொல்லும். படிக்கும் பிள்ளைகளிடம் 'பேட்டரி ரிப்போர்ட்' எடுக்கச் சொல்லுங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, புதிதாக இருந்தபோது பிடித்த அளவு. மற்றொன்று, இப்போது பிடிக்கும் அளவு. முதல் எண் 40,000, இரண்டாவது எண் 16,000 என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 40 பங்குதான் மிச்சம். அப்படியானால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"வாரண்டி முடிந்துவிட்டது. இனி அவ்வளவுதான். புது லேப்டாப் வாங்குங்கள்" என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். செருப்பின் வார் அறுந்தால் செருப்பையே எறிந்துவிடுகிறோமா? பேட்டரியை மட்டும் மாற்றலாம்.

வாரண்டி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். லேப்டாப்புக்கு ஒரு தேதியும் பேட்டரிக்கு வேறு தேதியும் இருக்கலாம். பெரும்பாலும் பேட்டரிக்கு ஒரு வருடம்தான். வாரண்டி இருக்கும்போதே கோளாறு வந்தால் காத்திருக்காதீர்கள். உடனே எழுதிக் கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வாரண்டி முடிந்தேவிட்டது. புதிய பேட்டரி வாங்கப் போகிறோம். கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் முதலில் விலை கேளுங்கள். பிறகு வெளிக்கடையில் கேளுங்கள். விலை மிகவும் குறைவாக இருந்தால் யோசியுங்கள். நானே ஒருமுறை ஏமாந்தேன். தொழில் பழகிய புதிதில் ஒரு கடையில் பாதி விலைக்கு ஒரு பேட்டரி வாங்கினேன். பில் கேட்கவில்லை. இரண்டே மாதத்தில் அது செத்துவிட்டது. திரும்பப் போனேன். "இது எங்க சரக்கே இல்லை" என்றார் கடைக்காரர். என்னிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு சீட்டில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியின் மேலேயே அவை அச்சாகியிருக்கும். பேட்டரி உள்ளே இருந்தால் பழுது பார்ப்பவரிடம் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் வரி, பேட்டரியின் மாடல் எண். புதியதிலும் அதே எண் இருக்க வேண்டும்.

இரண்டாம் வரி, வோல்ட். பழையதில் 14.8 என்று இருந்தால் 11.1 வோல்ட் பேட்டரி அதற்கு ஆகாது.

மூன்றாம் வரி, மில்லி ஆம்பியர் கணக்கு. 2,200 என்பது போல் இருக்கும். இது பேட்டரி பிடிக்கும் அளவைச் சொல்கிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? 14.8-ஐ 2,200-ஆல் பெருக்குங்கள். 32,560 வரும். அதை 1,000-ஆல் வகுத்தால் 32.56. லேப்டாப் ஒரு மணி நேரத்துக்கு 10 பங்கு செலவழித்தால், பேட்டரி மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வரும். "எட்டு மணி நேரம் வரும்" என்று கடைக்காரர் சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்!

இன்னொன்றும் பார்க்க வேண்டும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை. அதில் ஐ.எஸ். 16046 என்று இருக்கும். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். தயாரித்த தேதியையும் பாருங்கள். பேட்டரி கடையில் சும்மா கிடந்தாலும் அதற்கு வயதாகும்.

கடைசியாக பில். தேதி, மாடல் எண், விலை, வாரண்டி எத்தனை மாதம், எல்லாம் பில்லில் இருக்கட்டும். பழைய வாரண்டி முடிந்தாலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புதிய பேட்டரிக்குப் புதிய உரிமை உண்டு. கடைக்காரர் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

இப்போதைக்குக் கையில் பணம் இல்லையா? பேட்டரியை வெளியே கழற்றக்கூடிய பல பழைய லேப்டாப்கள், பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடும். ஆனால் கரண்ட் போனால் எழுதியதும் போய்விடும். ஆகவே அடிக்கடி சேமித்து வைக்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

புதிய பேட்டரி நீண்ட நாள் உழைக்கவும் வழி இருக்கிறது. லேப்டாப்பை மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து ஓட்டாதீர்கள். காற்றுத் துளை அடைபட்டுச் சூடாகும். மேசையிலோ பலகையிலோ வையுங்கள். வெயில் நேரத்தில் தகரக் கூரைக்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அடியோடு தீரும் வரை காத்திருக்க வேண்டாம். அது பழைய வகை பேட்டரிக்குச் சொன்ன பேச்சு. இதற்கு அது கெடுதல். பல லேப்டாப்களில் 80 வந்ததும் சார்ஜ் நிற்கும்படி வைக்கலாம். விடுமுறையில் எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். குப்பையைத் தரம் பிரிப்பவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள்தானே? பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்று 2022-இல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. சர்வீஸ் சென்டரிலோ மின்னணுக் கழிவு வாங்கும் இடத்திலோ கொடுங்கள்.

அந்தத் தையல்கார அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். உப்பிய பேட்டரியை நான் கழற்றி எடுத்தேன். அவர் உங்களைப் போல மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவர். சீட்டில் மூன்று வரியை அவரே பார்த்து எழுதினார். கடையில் ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார்கள். அக்கா சீட்டைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "இதில் 11.1 போட்டிருக்கு. எங்களுடையது 14.8. இது வேண்டாம்" என்றார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் சரியான பேட்டரியை எடுத்து வந்தார். பில்லையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார் அக்கா. அந்த லேப்டாப்பில்தான் அவர் மகள் இன்றும் படிக்கிறாள்.

நீங்கள் கற்ற எழுத்து பாடப் புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது. பேட்டரி மேலும் படியுங்கள். பில்லிலும் படியுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாளைக்கு வகுப்பில் சொல்லுங்கள்.