ஏழு மீட்டர்னா, எங்கே இருந்து ஏழு மீட்டர்?

புயல்னா நாம எப்பவும் காற்றைப் பத்தித்தான் பேசுவோம். மணிக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மரம் விழுந்தது. இன்னைக்குத் தண்ணியைப் பத்திப் பேசலாம்.

2013 நவம்பர் 8. பிலிப்பைன்ஸில் டாக்லோபன் என்ற கடலோர நகரம். ஹையான் சூறாவளி அன்று நாடு முழுக்க 6,300 பேருக்கு மேல் கொன்றது. டாக்லோபனில் அத்தனை பேர் சாகக் காரணம், ஊருக்குள் ஏறி வந்த கடல்.

இதுல உறுத்துற விஷயம் என்னன்னா, கணிப்பு சரியாவே இருந்தது. கடல் ஏழு மீட்டர் வரை உயரலாம் என்று அந்த நாட்டு வானிலைத் துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. ப்ராஜெக்ட் நோவா என்ற அரசுத் திட்டம், ஜப்பானிய மாடலை வைத்து எந்தக் கரையில் எவ்வளவு உயரும் என்றும் கணக்குப் போட்டு வைத்திருந்தது. ஆனால் மக்கள் கேட்டது ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல். பலருக்கு அது புரியவில்லை. சுனாமின்னு சொல்லியிருந்தா ஓடியிருப்போம்னு தப்பிச்சவங்க பிறகு சொன்னாங்க. கரைக்குப் பக்கத்தில் இருந்த சில புயல் முகாம்களிலேயே தண்ணீர் புகுந்தது. அதாவது, ‘பத்திரமா இருங்க’ன்னு கூட்டிட்டுப் போன இடத்துல.

சரி, இது என்ன? இது அலை இல்லை. அலை வரும், போகும். இதில் கடல் மட்டமே உயர்ந்து சில மணி நேரம் அப்படியே நிற்கும். அலை அதன் மேல் தனியாக அடிக்கும்.

புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறையும்போது கடல் கொஞ்சம் மேலெழும். ஒரு மில்லிபார் குறைந்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர். ஹையானுக்கே இந்தக் கணக்கில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல்தான் வரும். மீதி எல்லாம் காற்றின் வேலை. ஆழ்கடலில் காற்று தள்ளும் தண்ணீர் அடியில் திரும்பி ஓடிவிடும். ஆழமில்லாத கரையில் திரும்ப வழி இல்லை, குவியும். டாக்லோபன் புனல் மாதிரி குறுகும் வளைகுடாவின் முனையில் இருக்கிறது. நம்ம வங்கக் கடலோட வட முனையும் அப்படித்தான். 1970இல் அங்கே வந்த போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள்.

அதனால புயலோட ‘கேட்டகரி’யை மட்டும் நம்பினா ஏமாந்துடுவோம். அமெரிக்காவின் மிசிசிப்பி கரையில் 1969இல் வந்த கமீல் கேட்டகரி 5. 2005இல் கத்ரீனா கரையேறும்போது வெறும் 3. ஆனால் கத்ரீனாவில்தான் கடல் அதிகம் உயர்ந்தது, 8 மீட்டருக்கு மேல். கமீலில் தப்பிய வீடு இதிலும் தப்பும் என்று நினைத்துத் தங்கியவர்கள் உண்டு. 2010இல் அந்த அளவுகோலிலிருந்து கடல் உயரக் கணக்கையே நீக்கிவிட்டார்கள்.

மாடல் என்ன செய்கிறது? கரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கடலின் ஆழம், நிலத்தின் உயரம், காற்று, அழுத்தம் எல்லாம் கொடுத்தால், ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் எப்படி நகரும் என்று நிமிடத்துக்கு நிமிடம் கணக்கிடும். இயற்பியல் பழசுதான். தப்பு வர்றது நாம கொடுக்கிற தகவல்ல. செயற்கைக்கோள் உயர வரைபடங்கள் சில, மொட்டை மாடியையும் மர உச்சியையும் தரை என்று எடுத்துக்கொள்ளும். நகரம் உண்மையில் இருப்பதைவிட மேடாகத் தெரியும். நெருக்கமாக வீடுள்ள ஊருக்கு இது ரொம்ப ஆபத்து.

இன்னொரு சிக்கல், புயலின் பாதை. நம் பக்கம் புயல் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. சென்னைக்குத் தெற்கே கரையேறினால், சென்னையில் காற்று கடலிலிருந்து வீசித் தண்ணீரை உள்ளே தள்ளும். கொஞ்சம் வடக்கே தள்ளிக் கரையேறினால், அதே புயல் தண்ணீரைக் கடல் பக்கம் தள்ளும். ஒரு நாள் முன்பு சொல்லும் இடத்தில் 50 கிலோமீட்டர் பிசகுவது சாதாரணம். அதனால் ஒரே பாதையை வைத்து ஒரே எண்ணைச் சொல்வது, என்னைக் கேட்டால், பாதி ஏமாற்று. அமெரிக்காவில் பல பாதைகளை ஓட்டிப் பார்த்து, இந்த உயரத்தைத் தாண்டப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று வரைபடம் தருகிறார்கள். அதுவும் கடலிலிருந்து இல்லை, உங்க வாசல் தரையிலிருந்து.

இங்கே கடல் எவ்வளவு உயரும் என்பதற்கு ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் மாடல் ஓட்டுகிறது. வானிலை அறிக்கையில் ‘இயல்பான ஓதத்துக்கு மேல் ஒரு மீட்டர்’ என்று வரும். டிவிக்கு வரும்போது அது ‘ஒரு மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பும்’னு ஆயிடும். அதைக் கேட்டுட்டு நாலு பேர் செல்ஃபி எடுக்க பீச்சுக்குக் கிளம்புவாங்க. ‘கடல் உங்க தெருவுக்குள்ள இந்த இடம் வரைக்கும் வரும்’னு சொன்னா கிளம்புவாங்களா?

உங்க ஏரியா கடல் மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலன்னு தேடிப் பாருங்க. கிடைச்ச எண்ணை எங்களுக்கு அனுப்புங்க. அந்த எண்ணுல மொட்டை மாடி எவ்வளவு கலந்திருக்குன்னு அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.