இல்லத்து ரூட்டரை மாற்றுதல் வேண்டுமா?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் ரூட்டரைப் பற்றிப் பேசப் புகுந்தமை சிலருக்கு வியப்பை விளைக்கலாம். ஆயினும், இக்காலத்தில் நம் பிள்ளைகள் பாடங் கேட்பதும், வங்கிக் காரியங்களை முடிப்பதும், வெளியூரிலுள்ள மக்களோடு அளவளாவுவதும் அச்சிறு பெட்டியின் வாயிலாகவே நிகழ்கின்றன. ஆதலின், “பழைய பெட்டியை மாற்றிவிடலாமா?” என்னும் வினா வீடுதோறும் எழுகின்றது. வேண்டாதபோது மாற்றிப் பொருளிழப்பார் ஒரு சாரார். வேண்டியபோது மாற்றாது தீங்கிற்கு இடங்கொடுப்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் பயன்படச் சில கூற விரும்புகின்றேன்.

ரூட்டரைத் திசைவி எனத் தமிழில் வழங்குவர். வெளியிலிருந்து கம்பி வழியே வரும் இணையத்தை வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பங்கிட்டுச் செலுத்துவது அதன் தொழில். அப்பங்கீட்டைக் கம்பியின்றி அலைகளாற் செய்வதே வைஃபை. ஆகவே, வேகம் குறையுமாயின் குறை மூன்றிடங்களில் இருக்கலாம்: நிறுவனத்தார் தரும் இணைப்பில், அலை செல்லும் வழியில், பெட்டியில். மூன்றாவதன்மேற் பழி சுமத்துமுன் முன்னிரண்டையும் ஆராய்தலே முறை.

முதலாவது, இணைப்பை ஆராய்க. மடிக்கணினியைக் கம்பியால் ரூட்டரோடு நேரே பிணைத்து வேகத்தை அளந்து பார்க்கலாம். 100 மெகாபிட்டுக்குப் பணம் செலுத்துவோமாயின், அதற்கு அணித்தான அளவு வருதல் வேண்டும். வாராதாயின் நிறுவனத்தாரிடம் முறையிடுதலே செயற்பாலது. குளம் வற்றிக் கிடக்க, மதகைப் பெரிதாக்கினால் வயல் நனையுமோ? ஆனால் ஒரு விலக்குண்டு. பழைய ரூட்டர்கள் பலவற்றில் கம்பி செருகும் வாயில் 100 மெகாபிட்டுக்கு மேல் விடாது. 200 மெகாபிட்டுக்குப் பணம் கொடுத்தும், கம்பியும் கணினியும் பழுதற்றிருந்தும், அளவு எப்போதும் 100-க்குச் சற்றுக் கீழேயே நிற்குமாயின், குறை அவ்வாயிலில் உள்ளது எனலாம். அப்பொழுது பெட்டியை மாற்றுதல் தகும்.

இரண்டாவது, அலை செல்லும் வழி. வைஃபை அலைகளுள் பெரும்பாலும் வழங்குவன இரண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஒருவாறு கடந்து செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது. சுவர் இரண்டைக் கடக்குமுன் தளர்ந்துவிடும். செங்கற் சுவர் அலையை உறிஞ்சும். இரும்பு அதனைத் திருப்பி எறியும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும்போது 2.4 அலை கலக்கமுறும். அன்றியும், அவ்வலையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே உள்ளமையால், அடுக்குமாடி இல்லங்களில் அயலாருடைய அலைகளும் நெருக்கும்.

எனக்கு அறிமுகமான ஓரில்லத்தில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பின்கட்டறையில் அமர்ந்து பாடங் கேட்குந்தோறும் ஆசிரியர் குரல் அறுந்தறுந்து வந்தது. வீட்டார் புதிய பெட்டி வாங்க முனைந்தனர். சென்று பார்த்தபோது, ரூட்டர் முன்னறையில் இரும்பு பீரோவின் பின்னே தரையிற் கிடந்தது. அதனை நடுக்கூடத்தில் ஆளுயரப் பலகைமேல் வைத்த மாத்திரத்தில் குறை நீங்கிற்று. செலவு ஒரு நீண்ட கம்பி மட்டுமே.

வீடு மிக நீண்டதாயின், விலையுயர்ந்த ஒரே பெட்டியை நாடுதலினும், பின்கட்டுக்குக் கம்பி இழுத்து அங்கு இரண்டாவது பெட்டி ஒன்றை வைத்தலே நன்று. அலையின் வலிமைக்கு அரசாங்கம் வரம்பு விதித்துள்ளது. ஆதலால், பெட்டியின் விலை இரட்டித்ததனால் அலை செல்லும் தூரம் இரட்டிப்பதில்லை.

நிற்க. கடையில் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைக் கண்டு மயங்கற்க. ஏ.எக்ஸ். 3000 என்பதன் பொருள் யாதெனின், 2.4 அலையின் 574 மெகாபிட்டும், 5 அலையின் 2402 மெகாபிட்டும் கூட்டி, முழு எண்ணாக்கியதே. இவை ஏட்டளவான உச்சங்கள். கைபேசி ஒரு நேரத்தில் ஓரலையையே பற்றுமாதலின், அவ்வெண் எவருக்கும் முழுமையாய்க் கிட்டாது. வைஃபை 4 என்னும் முறை 2009இலும், 5 என்பது 2013இலும் வெளிவந்தன. ஆறாவதற்குச் சான்று வழங்குதல் 2019இலும், ஏழாவதற்கு 2024இலும் தொடங்கிற்று. பெட்டி புதிதாயினும், கைபேசியும் கணினியும் அம்முறையை அறியாவாயின் அதன் முழுப்பயனும் நமக்கு வாராது. கருவிகள் பல ஒருங்கே இயங்கும் வீட்டில், அக்கருவிகளும் புதியனவாயின், ஆறாம் முறை உதவும். இருவர் மட்டும் வாழும் இல்லத்திற்கு ஐந்தாம் முறையே பெரும்பாலும் போதுமானது.

இனி, யான் வற்புறுத்த விரும்புவது காவலைப் பற்றியதாகும். ரூட்டர் நம் இல்லத்தின் தலைவாயில். அதனுள் இயங்கும் மென்பொருளில் ஓட்டைகள் காணப்படுந்தோறும் செய்த நிறுவனம் திருத்தம் அனுப்புகின்றது. சில ஆண்டுகளுக்குப்பின் அத்திருத்தம் நின்றுவிடும். 2016இல் மிராய் என்னும் தீநிரல், கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே அமெரிக்காவில் பெயர்பெற்ற இணையத்தளங்கள் பலவற்றை முடக்கிற்று. 2018இல் வி.பி.என்.ஃபில்டர் என்னும் மற்றொன்று 50-க்கு மேற்பட்ட நாடுகளில் 5 லட்சம் கருவிகளைப் பற்றியது கண்டறியப்பட்டது. தம் பெட்டி பிறர்க்குத் தீங்கு செய்வதை உடையவர் பலர் அறியவே இல்லை! “ஓடுகின்ற பெட்டியை ஏன் எறிய வேண்டும்?” என்பார்க்கு இதுவே விடை. பூட்டுப் பழுதான கதவு நன்றாகத்தான் திறந்து மூடும். களவு புகுந்த பின்னரே குறை தெரியும். நம் பொருளையும் அயலார் நலத்தையும் காத்தல் கடமையாதலின், இவ்வொரு காரணத்திற்குச் செலவு செய்யத் தயங்கலாகாது.

ஆகவே செய்யத்தக்கன இவை. வேகத்தை அளந்து, பெட்டியின் இடத்தை மாற்றிப் பாருங்கள். உடன்வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். திருத்தம் இன்னும் வருகின்றதா என நிறுவனத்தின் இணையத்தளத்தில் நோக்குங்கள். டபிள்யூ.பி.ஏ. 2 என்னும் பூட்டுமுறையேனும் இல்லாத பெட்டியை உடனே நீக்குங்கள். அதற்கு முந்திய டபிள்யூ.இ.பி. முறையின் பலவீனம் 2001இலேயே வெளிப்பட்டுவிட்டது. பெட்டி இணைப்பு நிறுவனத்தார் தந்ததாயின், மாற்றித் தருமாறு முதலில் அவர்களையே கேளுங்கள். பழையதைக் கழிக்குமுன் அதிலுள்ள குறிப்புகளை அழித்து, மின்கழிவு பெறுவோரிடம் சேர்ப்பியுங்கள்.

இவற்றைத் தாமே செய்ய இயலாத முதியோர் நம்மிடையே பலர் உளர். பிள்ளைகள் தொலைவிலிருக்கத் தனித்து வாழ்வாரும் உளர். கற்ற இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்தம் இல்லங்களுக்குச் சென்று இச்சோதனைகளைச் செய்து கொடுப்பாராயின், அது சங்கத்திற்கு ஆற்றும் நற்றொண்டாகும்.