எட்டு குப்பி தண்ணி, ஒரு சராசரி: நம்பிக்கை இடைவெளியை எப்படிக் கணக்கிடுவது?

போன எபிசோடுல திட்டவிலக்கம் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணே, எங்க ஊர் போர்வெல் தண்ணியை டெஸ்ட் பண்ணினோம். ஃபுளோரைடு சராசரி 1.4 வந்திருக்கு. லிமிட் 1.5. அப்போ பரவாயில்லைன்னு கிராம சபையில சொல்லிடலாமா?" இதான் கேள்வி.

முதல்ல, அது ஏன் சின்னக் கேள்வி இல்லைன்னு சொல்லிடறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பாறை நிலம். ஆழத்துல இருக்கிற தண்ணியில ஃபுளோரைடு கரைஞ்சு வருது. அதை வருஷக்கணக்கா குடிச்சா குழந்தைகளுக்குப் பல்லுல கறை விழும். இன்னும் அதிகமானா எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். ஜப்பான் கடனுதவியோட வந்து 2013-ல திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தோட பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பும் சேர்ந்திருக்கு. காவிரித் தண்ணி வந்த பிறகும் பல ஊர்ல போர்வெல்லும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏத்துக்கலாம். வேற தண்ணியே இல்லைன்னா 1.5 வரை பொறுத்துக்கலாம். அந்த "வேற தண்ணியே இல்லைன்னா" என்பதை எல்லாரும் வசதியா மறந்துடறாங்க.

சரி, கணக்குக்கு வருவோம். தம்பி அனுப்பின அளவுகளை நான் இங்க படிக்கல. புரியறதுக்காக நானே எட்டு எண்ணை வச்சுக்கறேன்: 1.1, 1.6, 1.3, 1.4, 1.7, 1.2, 1.5, 1.4. கூட்டினா 11.2. எட்டால வகுத்தா சராசரி 1.4.

இப்போ இந்த 1.4 யாரோட சராசரி? அந்த எட்டு குப்பியோடது. ஊர் குடிக்கிறது எட்டு குப்பி இல்லையே! வருஷம் முழுக்க அந்த போர்வெல்ல வர்ற தண்ணியோட சராசரி நமக்குத் தெரியாது. வேற எட்டு நாள்ல குப்பி பிடிச்சிருந்தா 1.3 வந்திருக்கலாம், 1.5 கூட வந்திருக்கலாம். அந்த ஆட்டம் எவ்வளவுன்னு சொல்றதுதான் நம்பிக்கை இடைவெளி.

பேப்பர் பேனா எடுத்துக்கோங்க. ஒவ்வொரு அளவுலயும் 1.4-ஐக் கழிச்சு, வர்றதை வர்க்கமாக்கிக் கூட்டினா 0.28. அதை ஏழால வகுக்கணும் (எட்டால இல்லை, ஒண்ணு குறைச்சு). 0.04 வரும். வர்க்கமூலம் 0.2. இது திட்டவிலக்கம், அதாவது ஒரு குப்பிக்கும் இன்னொரு குப்பிக்கும் உள்ள சிதறல். சராசரி இவ்வளவு சிதறாது. அதனால 0.2-ஐ எட்டோட வர்க்கமூலம் 2.83-ஆல வகுக்கறோம். 0.0707. இதுக்குப் பேரு திட்டப்பிழை.

இதை எதால பெருக்கணும்? பலரும் 1.96-னு மனப்பாடமா சொல்வாங்க. அது உண்மையான திட்டவிலக்கம் முன்னாடியே தெரிஞ்சா சரி. நம்மகிட்ட இருக்கிறது எட்டே அளவுல இருந்து எடுத்த திட்டவிலக்கம். அதுவே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அயர்லாந்துல கின்னஸ் பீர் கம்பெனியில வேலை பார்த்த வில்லியம் கோசெட்டுக்கும் இதே தலைவலிதான். பார்லி சோதனைன்னா நாலஞ்சு அளவுதான் கிடைக்கும். அவர் 1908-ல "ஸ்டூடண்ட்"ங்கிற புனைபெயர்ல எழுதின கட்டுரையில இருந்து வந்ததுதான் டி அட்டவணை. எட்டு அளவுன்னா ஏழாவது வரிசையைப் பாருங்க. 95 சதவீதத்துக்கு 2.365. பெருக்கினா 0.167.

ஆக, 1.4-க்குக் கீழ 0.167, மேல 0.167. இடைவெளி 1.23-ல இருந்து 1.57 வரை. லிமிட்டான 1.5 இதுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கு. "பரவாயில்லை"ன்னு சொல்ல இந்த எட்டு குப்பி போதாது. "ஆபத்து"ன்னு உறுதியா சொல்லவும் போதாது.

95 சதவீதம்னா என்ன? உண்மையான சராசரி 1.23-க்கும் 1.57-க்கும் நடுவுல இருக்க 95 சதவீத வாய்ப்புன்னு படிக்கக் கூடாது. உண்மை ஒரு நிலையான எண், அது ஆடாது. ஆடுறது நம்ம இடைவெளிதான். இதே மாதிரி நூறு தடவை எட்டெட்டு குப்பி பிடிச்சு நூறு இடைவெளி போட்டா, சுமார் 95 இடைவெளி உண்மையைப் பிடிச்சிருக்கும். நம்ம கையில இருக்கிறது அதுல எந்த ரகம்னு தெரியாது. நெய்மன் 1934-ல லண்டன்ல இதை முன்வச்சப்போ, பௌலிங்கிற பெரிய புள்ளியியலாளரே இது ஏதோ ஏமாத்து வித்தை மாதிரி இருக்கேன்னு கிண்டலா சந்தேகப்பட்டார். அதனால உங்களுக்கு உடனே பிடிபடலைன்னா கவலைப்படாதீங்க.

கம்பெனியில இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. டிராயிங்ல 20 மில்லிமீட்டர், கூடக் குறைய 0.02-ன்னு போட்டிருக்குமே, அது டாலரன்ஸ். ஒவ்வொரு பீஸும் அதுக்குள்ள இருக்கணும்னு டிசைன் பண்ணினவர் வச்ச விதி. நம்பிக்கை இடைவெளி சராசரியைப் பத்தி டேட்டா சொல்றது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. நம்ம எட்டு குப்பியிலேயே ரெண்டு 1.5-ஐத் தாண்டியிருக்கு, பாருங்க. ஃபுளோரைடு பாதிப்பு நீண்ட நாள் குடிக்கிறதால வர்றதுங்கறதாலதான் இங்க சராசரியைக் கேக்கறோம். ஷாஃப்ட்டுக்கு அப்படி விட்டுட முடியாது.

இன்னொண்ணு. ஒரே காலையில ஒரே குழாய்ல எட்டு குப்பி பிடிச்சா அது எட்டு அளவு இல்லை. ஒரே அளவை எட்டு தடவை எழுதின கதைதான். இடைவெளி ரொம்பக் குறுகலா, அழகா வரும். நம்பிடாதீங்க. கோடையில மட்டம் இறங்கினப்போ ஒரு மாதிரி இருக்கும், ஐப்பசி மழைக்கு அப்புறம் வேற மாதிரி இருக்கும். ரெண்டும் குப்பியில வரணும்.

அப்போ எத்தனை குப்பி வேணும்? சிதறல் இதே 0.2-ன்னு வச்சுக்கிட்டா, கூடக் குறைய 0.1-க்குள்ள கொண்டுவர 18 குப்பி. டி மதிப்பு 2.11, 18-ஓட வர்க்கமூலம் 4.24, போட்டுப் பாருங்க. 32 குப்பின்னா 0.072 வரை இறங்கும். அப்பவும் சராசரி 1.4-ஆவே நின்னா இடைவெளி 1.33-ல இருந்து 1.47, அப்போதான் சராசரி 1.5-க்குக் கீழன்னு தைரியமா சொல்லலாம்.

தம்பி, பதினஞ்சு நாளைக்கு ஒண்ணுன்னு பிடிச்சா 18 குப்பிக்கு ஒன்பது மாசம். மாசியில ஆரம்பிச்சா கோடையும் வரும், மழையும் வரும். அது வரைக்கும் பிள்ளைங்களுக்குக் குடிக்க ஒகேனக்கல் தண்ணி வர்ற குழாயில பிடிச்சுக்கலாமான்னு அதே கிராம சபையில கேளுங்க.