முரசும் முதுமையும்

முதுமை வந்தால் பல் விழும் என்பது நம் நாட்டில் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு கொள்கை. நரை, திரை என்னும் வரிசையில் பல் வீழ்தலும் தானே வந்து சேர்ந்துகொண்டது. ஆதலால், அறுபது வயதைக் கடந்த ஒருவருக்குப் பல் ஆடத் தொடங்கினால் அவர் வைத்தியரை நாடுவதில்லை. ‘வயது போய்விட்டது’ என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்கிறார். இக்கொள்கை எத்துணை உண்மையானது என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

பல்லைத் தாங்கி நிற்பது முரசு. தமிழகத்தார் இதனை ஈறு என்பர். புறத்தே தோன்றும் தசை மட்டும் பல்லைத் தாங்குவதன்று. அதன் கீழே தாடையெலும்பும், அவ்வெலும்போடு பல்வேரைப் பிணைக்கும் நுண்ணிய நார்களும் உள. பல்லை ஒரு மரமெனக் கொண்டால், முரசும் எலும்பும் அது வேரூன்றிய மண்ணாகும். மண் அரித்துப் போனால் பழுதற்ற மரமும் சாய்ந்துவிடும். சொத்தை சிறிதுமில்லாத பல்லொன்று முழுதாகக் கழன்று கையில் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

அரிப்பது யாது? நுண்ணுயிர்கள் பல்லின்மேல் இடைவிடாது மெல்லிய படலமாகப் படிகின்றன. அன்றாடம் அகற்றப்படாவிடின், அப்படலம் உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்தை ஏற்றுக் காரையாக இறுகுகிறது. அதனை எதிர்க்க முயலும் உடல் அவ்விடத்துக்கு மிகுதியான இரத்தத்தைச் செலுத்த, முரசு சிவந்து வீங்குகிறது. பல் துலக்கும்போது இரத்தம் கசிகிறது. இது நோயின் முதற்படி. இந்நிலையில் அது முற்றாக மாறக்கூடியது. கவனியாது விடப்பட்டால், பலரில் அழற்சி உள்ளிறங்கி நார்களையும் எலும்பையும் அழிக்கிறது. அவ்வாறு அழிந்த எலும்பு பெரும்பாலும் மீள்வதில்லை.

இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவியவர் ஹரல்ட் லோ என்னும் நோர்வே நாட்டறிஞர். அவரும் அவர்தம் துணைவரும் டென்மார்க்கில் நடத்திய ஆய்வொன்று 1965 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முரசு நலமாயிருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் முரசு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது நீங்கிற்று. சில நாள்களில் வந்து சில நாள்களில் மறைந்த அந்நோய்க்கு வயதைக் காரணம் காட்டுதல் இயலாதன்றோ?

அதே அறிஞரின் மற்றோர் ஆய்வு இலங்கையில் நிகழ்ந்தது. 1970 இல் இந்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர் பரிசோதிக்கப்பட்டனர். 1985 வரை, பதினைந்து ஆண்டுகள், அவர்களிற் பலர் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். அவர்கள் பற்றூரிகை முதலியவற்றைப் பயன்படுத்தும் வழக்கமில்லாதவர். பற்சொத்தையோ அவர்களிடம் அரிது. அவர்களோடு ஒப்புநோக்கப்பட்டோர், இளமை முதலே பல் வைத்தியம் பெற்ற ஒஸ்லோ நகரின் மாணவரும் கல்வியாளரும் ஆவர். நாற்பது வயதை அணுகுகையில் பல்லின் பிடிப்பு ஒஸ்லோவினரிடம் சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றரே குறைந்திருந்தது. நம் தொழிலாளரிடமோ நாலரை மில்லிமீற்றர் குறைந்திருந்தது.

இன்னொன்றும் அங்கே கண்டறியப்பட்டது. தொழிலாளருள் நூற்றுக்கு 8 பேரிடம் நோய் விரைந்து முன்னேறியது. 81 பேரிடம் மிதமாக முன்னேறியது. 11 பேரிடம் அது முரசின் மேலழற்சியோடு நின்றுவிட்டது. வேலையும் வாழ்வும் ஒத்தவர்களிடையே இத்துணை வேறுபாடு காணப்பட்டமையால், உடலின் இயல்புக்கும் இதில் பங்குண்டு என்பது தெளிவு. ஆயினும் தாம் எந்தப் பிரிவினர் என்பதை எவரும் முன்கூட்டியே அறியார். ஆகவே அந்தப் பதினொருவரை நம்பி வாளாவிருத்தல் அறிவுடைமையன்று. உலகெங்கும் பல் வைத்திய மாணவர் இன்று இந்த முடிவுகளைக் கற்கின்றனர். அவ்வறிவைத் தம் வாய்களால் உலகுக்கு ஈந்த தோட்ட மக்களிடம் அதன் பயன் முழுமையாகத் திரும்பிச் செல்லவேண்டியது கடமையாகும்.

அப்படியாயின் முதுமைக்குப் பங்கே இல்லையா? உண்டு. பல்லாண்டுக் கவனக்குறைவின் பயன்கள் ஒன்றுசேர்ந்து வெளிப்படும் காலம் அது. நீரிழிவு கட்டுப்படாதபோது முரசு நோய் மிகும்; முரசு நோய் மிகுந்தால் நீரிழிவைக் கட்டுப்படுத்துதலும் அரிதாகும். மருந்துகள் சில உமிழ்நீரைக் குறைக்கும். இரத்த அழுத்தத்துக்குரிய சில மருந்துகள் முரசைத் தடிக்கச் செய்யும். அவற்றைத் தாமாக நிறுத்தாது வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். சுருட்டும் சிகரெட்டும் முரசின் இரத்தவோட்டத்தைக் குறைப்பதால், நோய் உள்ளே முற்றியிருந்தும் இரத்தம் கசியாது மறைந்திருக்கும். வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியன சேர்ந்த தாம்பூலம் முரசைக் கெடுப்பதோடு வாய்ப் புற்றுநோய்க்கும் காரணமாகும். புகையிலையை மட்டும் விட்டாற் போதுமென்று எண்ணுதலும் பிழை. பாக்கே புற்றுநோயை விளைப்பது.

காக்கும் முறை எளியது. மென்மையான மயிருடைய பற்றூரிகையைப் பல்லும் முரசும் கூடும் ஓரத்தில் சற்றுச் சாய்த்து வைத்து, அழுத்தாது சிறு சிறு அசைவுகளாகத் துலக்குதல் வேண்டும். காலையில் ஒரு முறையும், படுக்கைக்குச் செல்லுமுன் ஒரு முறையும் துலக்கல் நன்று. இவற்றுள் இரவில் துலக்குவதே நம்மவர் பெரிதும் மறப்பது. புளோரைட்டுச் சேர்ந்த பற்பசை போதுமானது. உமிக்கரியும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்த்து, வேரோரத்தைப் பள்ளமாக்கும். பல்லிடுக்குகளைச் சிறு தூரிகையாலோ நூலாலோ துப்புரவாக்கல் வேண்டும். இரத்தம் கண்டவுடன் துலக்குவதை நிறுத்துவோர் பலர். இரத்தம் கசிவது துப்புரவு போதாது என்பதற்கு அடையாளம். மென்மையாகத் தொடர்ந்து துலக்கியும் இரு வாரங்களில் அது நில்லாதாயின் பல் வைத்தியரைக் காணல் வேண்டும்.

காரையை நீக்கினால் பல் ஆடிவிடும் என்னும் அச்சமும் நம்மிடையே உண்டு. இடிந்த சுவருக்கு முட்டுக்கொடுத்தாற்போல் காரை சில பற்களைப் பிடித்திருக்கக்கூடும். அது நீங்கியதும் முன்பிருந்த ஆட்டம் புலப்படுகிறது. ஆட்டத்தை உண்டாக்கியது நோயேயன்றி வைத்தியமன்று.

விரல்கள் விறைத்த முதியோருக்குத் தூரிகையின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கிக் கொடுக்கலாம். படுக்கையில் இருப்போருக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ துலக்கிவிடலாம். உணவூட்டும் வீட்டார் உணவுண்ட வாயைத் துப்புரவாக்கவும் நினைத்தல் வேண்டும். பொய்ப்பல் அணிந்தோர் இரவில் அதனைக் கழற்றிக் கழுவி நீரிலிட்டு வைப்பதோடு, எஞ்சிய பற்களையும் முரசையும் துலக்குதல் அவசியம்.

எழுத்துகள் பிறத்தற்குரிய உறுப்புகளுள் பல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியர் பிறப்பியலில் வைத்தார். பல் போனால் உணவு மட்டுமன்று, சொல்லும் குறைகிறது. சொல்லத் தக்கவை நிறைந்திருக்கும் வயதிலே சிலர் சபையில் வாய்திறக்கக் கூசி ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வொதுக்கம் விதியன்று. நாளொன்றுக்குச் சில நிமிடங்களால் தவிர்க்கத்தக்கதை வயதின்மேற் சுமத்தி வாளாவிருத்தல் தகாது.