லாரியின் மூச்சும் எண்ணெய்க் கசிவும்



திருவண்ணாமலையில் வேலூர், செங்கம், தண்டராம்பட்டு, திருக்கோவிலூர், வேட்டவலம், அவலூர்ப்பேட்டை எனப் பல திசைச் சாலைகள் வந்து கூடுகின்றன. நெல்லும் மணிலாவும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக அவற்றில் ஓடுகின்றன. அந்த லாரிகளில் 'டர்போ' என்று வழங்கும் ஓர் உறுப்பைப் பற்றியும், அதன்மேல் எண்ணெய் கசிந்தால் காரணத்தைத் துருவிக் காணும் முறையைப் பற்றியும் இன்று சொல்லப் போகிறேன். பல்லாண்டு பௌதிகம் கற்பித்த எனக்குப் பட்டறையும் ஓர் ஆய்வுக்கூடமாகவே தோன்றுகிறது.

டர்போ என்பது ஒரு தண்டும் அதன் இரு முனைகளிலுள்ள இரு சக்கரங்களுமே. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. தண்டு சுழலவே மறுமுனைச் சக்கரமும் சுழன்று, வெளிக்காற்றை இழுத்து நெருக்கி எஞ்சினுள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் டீசல் மிகுதியாகவும் செவ்வையாகவும் எரியும். அதே அளவுள்ள எஞ்சின் கூடுதலான பாரத்தை இழுக்கும். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வீணே போகிறது. அதனைப் பயன்கொள்ளும் இவ்வழிக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

இத்தண்டு நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழல வல்லது. அவ்வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் என்ன ஆகும்? ஆகவே தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. எஞ்சின் எண்ணெயே மெல்லிய குழாய் வழியே அழுத்தத்துடன் வந்து, தண்டை நனைத்துக் குளிர்வித்து, அடியிலுள்ள பருத்த குழாய் வழியே தன் எடையால் மட்டுமே எஞ்சினின் அடித்தொட்டிக்கு இறங்குகிறது. 'தன் எடையால் மட்டுமே' என்பதை நினைவிற் கொள்ளுங்கள். எண்ணெயைத் தடுக்கும் உலோக வளையங்கள் புட்டியின் தக்கை போல் இறுக அடைப்பன அல்ல. காற்றுப் பக்கத்து அழுத்தமும் புகைப் பக்கத்து அழுத்தமும் துணைநின்றால்தான் எண்ணெய் உள்ளே நிற்கும்.

கசிவு சிறிதுதானே என்று இருந்துவிடலாகாது. புகைச் சக்கரத்தின் கூடு மிகக் கடுமையாகக் காய்வது. அதன்மேல் எண்ணெய் சொட்டினால் தீப்பற்றக் கூடும். காற்றுப் பக்கம் எண்ணெய் மிகுதியாக நுழைந்தாலோ, எஞ்சின் அதனையே எரிபொருளாகக் கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும். அப்போது சாவியைத் திருப்பினாலும் நில்லாது. காற்றின் வழியை அடைத்தால்தான் நிற்கும்.

சென்ற ஆண்டு, என் பழைய மாணவர் நடத்தும் பட்டறைக்கு, சொந்த லாரியைத் தாமே ஓட்டும் அன்பர் ஒருவர் வந்தார். டர்போ முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கு. சைலன்சரில் நீலப் புகை. வெளியூர்ப் பட்டறை ஒன்றில், டர்போ போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். லாரிக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தவருக்கு அது பெருந்தொகை. "அண்ணே, மாற்றித்தான் ஆகவேண்டுமா?" என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. என் மாணவர் விடை சொல்லவில்லை. "முதலில் துடைப்போம்" என்று ஒரு துணியை எடுத்தார்.

எஞ்சின் ஆறிய பின் எல்லாவற்றையும் கழுவி உலர்த்தி, இணைப்புகளைச் சுற்றிச் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவினார். (என் தொழிற்கருவியைப் பட்டறை அலமாரியிற் கண்டதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி!) எண்ணெய் மேலிருந்து கீழே வழியும், லாரி ஓடும்போது காற்று அதனைப் பின்னுக்கு அடித்துச் செல்லும். ஆகையால் நனைந்த இடங்களுள் மிக உயரமானதையும் மிக முன்னுள்ளதையுமே தேட வேண்டும். மேலேயுள்ள வால்வு மூடியின் கேஸ்கெட் பழுதானாலும், எண்ணெய் கொணரும் குழாயின் செப்பு வாஷர் தளர்ந்தாலும் பழி டர்போவின் மேல்தான் விழும். எஞ்சினை ஓட்டிப் பார்த்ததில் அவ்விரண்டு இடங்களிலும் பொடியின் வெண்மை மாறவில்லை. காற்றுக் குழாய் சேரும் இடத்தில் மட்டும் கறுத்து ஈரமாயிற்று.

எஞ்சினை நிறுத்தி அக்குழாயைக் கழற்றினார். மெல்லிய பூச்சாக எண்ணெய் இருந்தால் கவலையில்லை; இங்கோ தேங்கியே இருந்தது. தண்டைப் பிடித்து அசைத்தார். பக்கவாட்டில் சிறிது ஆடிற்று. "ஆடுகிறதே!" என்று உரிமையாளர் பதறினார். எண்ணெய்ப் படலம் நிற்க இடம் வேண்டுமாகையால் அச்சிறு ஆட்டம் இருக்கத்தான் வேண்டும் என்றும், முன்னும் பின்னும் இழுக்கையில் ஆடுவதும் சக்கரம் கூட்டில் உரசிய தடமுமே தேய்மானத்தின் அறிகுறிகள் என்றும் என் மாணவர் விளக்கினார். இரண்டும் அங்கே இல்லை.

அடுத்து ஏர் ஃபில்டர். இளநீர்க் குழலின் அடியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சினால் கன்னம் குழியும். ஃபில்டர் புழுதியால் அடைபட்டால் டர்போவின் வாயிலும் அத்தகைய உறிஞ்சல் உண்டாகி, வளையங்களைத் தாண்டி எண்ணெயை இழுத்துவிடும். அதுவும் தூய்மையாகவே இருந்தது. எண்ணெய் இறங்கும் குழாயில் மடிப்போ கரியோ இல்லை.

பின்னர் அவர் செய்ததுதான் என்னை வியக்கவைத்தது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகிக் கழற்றி, அதன்மேலேயே தலைகீழாக வைத்தார். மூடி தத்தித் தத்திக் குதித்தது! எஞ்சினின் அடிவயிற்றில் அழுத்தம் இருப்பதை அறிய இதனினும் எளிய கருவி உண்டோ? பிஸ்டன் வளையங்களைக் கடந்து சிறிது வாயு எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேற ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாயின் வாயைக் களத்துச் சேறும் எண்ணெய்ப் பிசினும் சேர்ந்து அடைத்திருந்தன. புட்டியின் வாயில் புனலை இறுகப் பொருத்தி எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியின்றி, எண்ணெய் புனலிலேயே நிற்கும். புனலைச் சற்றுத் தூக்கினால் இறங்கிவிடும். டர்போவிலும் அதுவே நிகழ்ந்தது. இறங்க முடியாத எண்ணெய் வளையங்களைக் கடந்து பக்கவழி தேடிற்று. புதிய டர்போவைப் பொருத்தியிருந்தால் அதுவும் அவ்வாறே கசிந்திருக்கும்.

குழாயைக் கழுவிப் பொருத்திய பின் மூடி அசையாமல் கிடந்தது. அப்போதும் குதித்திருந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன என்று கொள்ள வேண்டியிருக்கும்; அது வேறு செலவு.

பௌர்ணமி இரவுகளில், கிரிவலக் கூட்டத்தை முன்னிட்டு ஊர்ப்புறத்தே லாரியை நிறுத்தும்போது, எஞ்சினை வெறுமனே ஓடவிடும் வழக்கம் உண்டா என்று என் மாணவர் அவரைக் கேட்டார். உண்டு என்றார். மெதுவாக ஓடும்போது காற்றழுத்தம் குறைவு. வளையங்களுக்குத் துணை இல்லை. நல்ல டர்போவிலும் எண்ணெய் மெல்லக் கசியும். பாரத்தோடு விரைந்து வந்து நின்றால், தண்டு ஆறுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால் போதும். உடனே நிறுத்தினால் தங்கிய எண்ணெய் கரியாகிவிடும். மணிக்கணக்கில் ஓடவிட்டாலோ டீசலும் வீண். அவர் தலையசைத்து, மூச்சுக்குழாய்க்கு ஒரு புதுக் கிளிப் மட்டும் வாங்கிப் பூட்டிக்கொண்டு, நெல் மூட்டைகளுடன் வேட்டவலம் சாலையில் புறப்பட்டார்.